பின்னால் வந்துகொண்டிருந்த கணவர்

சுலாஸ்மிக்குக் கணவர் வாய்த்தது நாற்பத்தேழாவது வயதில், சும்பாவா தீவில், தோம்பு ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்த ஒரு காப்பிக்கடையில். கடைக்கார அம்மாள் கேட்ட நாலாவது கேள்விக்குப் பதிலாக அவர் வந்தார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எத்தனை நாளாகிறது என்ற மூன்றுக்கும் சுலாஸ்மி ஒழுங்காக உண்மையைத்தான் சொன்னாள். "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றபோது, காப்பியை ஊதிக்கொண்டிருந்த வாயிலிருந்து, "பின்னால வந்துக்கிட்டிருக்கார்" என்று தானாக வந்துவிட்டது.

அந்த அம்மாள் "அப்படியா" என்று சொல்லிவிட்டு வாழைக்காய் சீவப் போய்விட்டாள். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை. சுலாஸ்மி அந்தப் பயணத்தில் முதல் தடவையாக ஒரு காப்பியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள்.

மலாங் நகரத்துச் சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை அவளுக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. வந்த மாப்பிள்ளைகள் இரண்டு பேரையும் பிடிக்கவில்லை, அப்புறம் யாரும் வரவில்லை, அவளும் தேடவில்லை. அரசு ஊழியர்களுக்கு உண்டான மூன்று மாத நீண்ட விடுப்பை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, புளோரெஸ் தீவின் கிழக்கு முனையிலிருக்கும் லரந்துக்கா வரை போவதென்று கிளம்பியிருந்தாள். ஜாவாவிலும் பாலியிலும் யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை. லொம்போக்கைத் தாண்டியதும் பிடித்தது சனி. "கல்யாணம் ஆகலை" என்று சொன்னால் அதோடு விடுவதில்லை. ஏன் ஆகவில்லை, உடம்புக்கு ஏதாவதா, எவனாவது ஏமாற்றிவிட்டானா. ஒரு கிராமத்தில் அவள் கூடாரத்துக்கு முளை அடித்து முடிப்பதற்குள் மூன்று மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவருடைய மனைவிதான் அப்போது அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே பின்னால் வருகிறவரை அவள் கைவிடவில்லை. அடுத்த ஊரில் பெயர் கேட்டார்கள், ஹர்சோனோ என்றாள். பீமாவில், ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறார் என்று கேட்டார்கள். வலது முழங்காலில் வலி என்றாள். கப்பலில் அவருக்கு அஞ்சலகத்தில் வேலை கிடைத்தது. புளோரெஸில் இறங்கி மலையேறும்போது ரத்த அழுத்தமும் வந்து சேர்ந்தது. தொழில் அதுவாகையால் அளவைக்கூடச் சுத்தமாகச் சொன்னாள். பெண் தனியாகக் கூடாரத்தில் படுக்கக்கூடாது என்று தடுத்தவர்கள், கணவர் வந்துகொண்டிருக்கிறார் என்றதும் பள்ளிக்கூட மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். விடிவதற்கு முன் எழுந்து, "அவர் முந்தின ஊர்லயே தங்கிட்டார் போல, நான் மெதுவா உருட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டால் தீர்ந்தது. பன்னிரண்டு நாள் இது பிசகில்லாமல் நடந்தது.

பதின்மூன்றாம் நாள் மூன்று மணிக்கு, வடக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நுவாபேலா என்ற ஊருக்கு வந்தாள். பனைமரமும் வெயிலுமான கிறிஸ்தவ ஊர். ஊர்த் தலைவர் ரொபினுஸ் வீட்டு முன்னால் கொட்டகையில் உட்கார்ந்து வலையில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், சட்டையை மாட்டிக்கொண்டு, விருந்தினர் பதிவேட்டுடன் வந்தார்.

"பேரு?"

சொன்னாள்.

"கூட யாரு?"

"வீட்டுக்காரர். ஹர்சோனோ. பின்னால வர்றார்."

ரொபினுஸ் அதையும் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, பக்கத்தில் ஊர் முத்திரையை அழுத்திக் குத்தினார். "டென்ட்டெல்லாம் எதுக்கு. எங்க ஊர்ல வந்தவங்களை மண்ணுல படுக்க வச்சோம்னு நாளைக்குப் பேச்சு வரும். இங்கதான் தங்குறீங்க, ரெண்டு பேரும்."

அதற்குள் அவர் மனைவி மெக்தில்டா ஒரு சேவலைப் பிடித்துக் கொட்டகைக் காலில் கட்டிவிட்டாள். பருத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய வாய், எதையும் முடிவு செய்த பிறகே பேசுகிற சுபாவம். "எங்க வீட்டுக் கத்தி பன்னி வெட்டுன கத்தி தங்கச்சி. உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். புதுக் கத்தி எடுத்து வச்சிருக்கேன். சட்டியும் கடலோரத்துல இருக்கிற முஸ்லிம் வீட்டுல இருந்து வாங்கிட்டு வந்துட்டேன். உன் வீட்டுக்காரர் வந்து உங்க முறைப்படி அறுத்துக் குடுத்தார்னா, நான் குழம்பு வச்சிருவேன்."

"நானே அறுக்குறேன் அக்கா."

"ஆம்பளை வந்துக்கிட்டிருக்கும்போது நீ ஏன் அறுக்கணும்? அவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வரட்டும்."

இப்படியாக ஊர்த் தலைவர் வீட்டு ராச்சாப்பாடு ஹர்சோனோவின் வருகைக்காக நின்றது. நாலு மணி ஆயிற்று. சேவல் கட்டிய கயிற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டவர்களுக்கு, சுலாஸ்மி முழங்கால் வலியையும் ரத்தக் கொதிப்பையும் வழக்கம்போல் எடுத்துச் சொன்னாள். ஐந்து மணிக்கு ரொபினுஸ் எழுந்து சாலைக்குப் போய் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவரைக் கடைசியா எங்க பார்த்தே?"

சுலாஸ்மி யோசிக்காமல், "அந்த ஆத்துக்கிட்ட" என்றாள்.

முந்தாநாள் மழையில் அந்த ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அவள் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்திருந்தாள்.

"முழங்கால் வலிக்காரரை அந்த ஆத்துல விட்டுட்டு நீ முன்னால வந்துட்டியா?" என்றாள் மெக்தில்டா.

"இல்லக்கா, அவர் நீந்துவார்..."

"ரத்தக் கொதிப்புன்னு சொன்னியே."

ரொபினுஸ் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "கனீசியுஸ்" என்று ஒரு குரல் கொடுத்தார். மீன் ஏற்றுகிற வண்டி ஓட்டும் கனீசியுஸ் தயாராக எழுந்து நின்றான். ஊரில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் ஓடும் நிலையில் இருந்தன. மூன்றும் கிளம்பின.

"வேண்டாம் தலைவரே, அவருக்குக் கோபம் வரும்" என்று சுலாஸ்மி பின்னாலேயே ஓடினாள்.

"வரட்டும். ஏதாவது ஆயிட்டா கலெக்டர் உன் வீட்டுக்காரரையா கேப்பார், என்னைத்தானே கேப்பார்."

முதலில் அவளுக்குப் படபடப்பாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில் நிம்மதி வந்தது. இல்லாத ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தேடிவிட்டுத் திரும்பிவந்து காணோம் என்பார்கள். முந்தின ஊரிலேயே தங்கிவிட்டார் என்று சொல்லிவிடலாம். சேவலை அவளே அறுத்துவிடலாம். முகம் கழுவி, தலை வாரி, மெக்தில்டா கொடுத்த வெற்றிலையைக்கூட ஒரு வாய் மென்று பார்த்தாள்.

சூரியன் கடலில் இறங்கும் நேரத்துக்கு மூன்று வண்டிகளும் இடைவிடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தன. கடைசி வண்டியில் பைகள் இருந்தன. நடு வண்டியில் ஒரு சைக்கிள் இருந்தது. முதல் வண்டியில், கனீசியுஸின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர் இருந்தார். சின்னத் தொப்பை, இறுக்கமான சைக்கிள் கால்சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

"கிடைச்சிட்டார் தலைவரே" என்றான் கனீசியுஸ். கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆத்துக்கு இந்தப் பக்கம்தான், கடற்கரையில ரெண்டு மரத்துக்கு நடுவுல தூளி கட்டிப் படுத்துக்கிட்டு மீன் சுட்டுத் தின்னுக்கிட்டிருக்கார். பக்கத்துல சைக்கிள். 'ஐயா, உங்க சம்சாரம் எங்க ஊர்ல வந்து காத்துக்கிட்டிருக்காங்க, கிளம்புங்க'ன்னேன். தூளியில இருந்து குப்புற விழுந்துட்டார்."

கூட்டம் சிரித்தது.

"'எந்த சம்சாரம்'னு கேக்குறார். 'உங்களுக்கு எத்தனை இருக்கு'ன்னேன். 'ஒண்ணுதான்'னார். 'அப்ப அதுதான்'னேன். 'எப்படி வந்தா'ன்னார். 'சைக்கிள்ல'ன்னேன். 'அவளுக்குச் சைக்கிள் விடத் தெரியாதே'ங்கிறார். 'நல்லாவே விடுறாங்க, என் கண்ணால பார்த்தேன்'னேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை. வழி நெடுக எதையோ ஓதிக்கிட்டே வந்தார்."

வந்த மனிதர் வண்டியிலிருந்து இறங்கினார். கண்ணைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு கையையும் கூப்பி, ஜாவா மொழியில், "தர்மினி, என்னை மன்னிச்சிரு. மகாசார்ல பயிற்சின்னு சொன்னது பொய்தான்" என்றார்.

அந்த ஊரில் ஜாவா மொழி தெரிந்த ஒரே ஆள் சுலாஸ்மி. ஊர் முழுவதும் அவளைப் பார்த்தது. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து இரண்டடி முன்னால் வந்தாள்.

"என்னங்க," என்றாள், "இவ்வளவு நேரமா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். யாரிடம் சொல்கிறாள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் கனீசியுஸ்தான் நின்றான். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது பாருங்கள், தூக்கு மேடையிலிருந்து இறக்கிவிட்டவன் முகத்தில்கூட அது வராது. வந்தது தன் மனைவி இல்லை. அது ஒன்று போதும் அவருக்கு.

"வந்துட்டேம்மா," என்றார் குரல் தழுதழுக்க. பக்கத்திலிருந்த பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கை கால் கழுவக் கூட்டிப் போகிற சாக்கில் தண்ணீர்த் தொட்டி அருகே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதை ஜாவா மொழி அது. இப்படி இருந்தது பேச்சு:

"தங்கள் பெயர் என்ன ஐயா?"

"துக்கிமின். கெடிரியில் ஒரு பள்ளியில் எழுத்தர். தாங்கள்?"

"சுலாஸ்மி. மலாங். நாளைக் காலை வரை தங்கள் பெயர் ஹர்சோனோ. பொறுத்தருள வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்."

"தங்களுக்கு அஞ்சலகத்தில் வேலை. வலது முழங்காலில் வலி. ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றைந்து."

துக்கிமின் செம்பைக் கீழே வைத்தார். "அம்மணி, முழங்காலும் ரத்த அழுத்தமும் எனக்கு உண்மையாகவே உண்டு. தாங்கள் எப்படி அறிந்தீர்கள்?"

தூரத்தில் நின்ற மெக்தில்டா, "பாரு, எவ்வளவு பதமா பேசிக்கிறாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

அவர் திரும்பி வந்ததும் கையில் புதுக் கத்தியைக் கொடுத்தார்கள். துக்கிமின் கத்தியைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார். சேவலும் அவரைப் பார்த்தது. ஒரு கையால் அதன் இறக்கையைப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சேவல் அவர் தொடையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போய்விட்டது. அதைப் பிடிக்க ஊரே கிளம்பியது. கடைசியில் அது தலைவரின் வலையில் சிக்கிக்கொள்ள, சுலாஸ்மி போய் ஒரு கையால் எடுத்துக் காலுக்கடியில் இறக்கையை வைத்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, ஒரே இழுப்பில் வேலையை முடித்துவிட்டு, கத்தியைக் கழுவிக் கொடுத்தாள்.

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்றாள் மெக்தில்டா.

"ஆமாக்கா. எல்லாம் நான்தான்."

சோளம் கலந்த சோறு, சேவல் குழம்பு, மிளகாய்ச் சம்பல், மரவள்ளிக் கீரை. பனஞ்சாராயத்தை விருந்தாளிகள் வேண்டாமென்றுவிட்டதால் அவர்கள் பங்கையும் சேர்த்துத் தலைவர் குடித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மெக்தில்டா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பதினெட்டு" என்றாள் சுலாஸ்மி.

"இருபத்தேழு" என்றார் துக்கிமின்.

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"பிள்ளைங்க?"

"இல்லை" என்றாள் சுலாஸ்மி.

"மூணு" என்றார் துக்கிமின்.

சுலாஸ்மி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவருக்கு முதல் சம்சாரத்துல மூணு" என்றாள்.

"ஐயோ பாவம். அவங்க எப்ப தவறுனாங்க?" என்றார் ரொபினுஸ்.

துக்கிமினுக்குப் புரையேறியது. பொய்யை எவ்வளவு தூரமும் சுமந்துபோவார் போலிருந்தது. ஆனால் மனைவியைக் கொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இல்லை இல்லை, நல்லா இருக்கா. திடமா இருக்கா. கெடிரியில இருக்கா."

"கடற்கரையில ஒண்ணுதான்னு சொன்னீங்களே" என்றான் கனீசியுஸ்.

மெக்தில்டா அகப்பையைச் சட்டியில் போட்டாள். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள், திருமண வகுப்பில் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறவள். "உங்க மார்க்கத்துல இடம் இருக்கு. அதை நான் குறை சொல்லலை," என்றாள் துக்கிமினிடம். "ஆனா அங்க ஒருத்தி மூணு பிள்ளையோட கிடக்கா. இங்க நீ இவகூட சைக்கிள்ல ஊர் சுத்துறே. கேட்டா ஒண்ணுதான்னு வேற சொல்றே. முன் ரூம்புல என் கல்யாணத்துப் போர்வையை விரிச்சு வச்சிருக்கேன். அதுல நீ படுக்கப் போறதில்லை. டென்ட்டு இருக்கில்ல? போய்ப் போட்டுக்கோ."

துக்கிமின் தட்டைக்கூடக் கழுவாமல் நன்றியோடு எழுந்து போனார்.

சுலாஸ்மிக்கு மெத்தை கிடைத்தது. ஆனால் மெக்தில்டா அதே அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நீயும் ஒரு பொம்பளைதானே."

அது சுருக்கென்று தைத்தது. கல்யாணம் ஆகாதவள் என்று பரிதாபப்பட்டதைத் தாங்க முடியாமல்தான் இதெல்லாம் செய்தாள். இப்போது அடுத்தவள் புருஷனைக் கொத்திக்கொண்டு வந்தவள் என்ற பெயர். விடிவதற்கு முன்னால் ஓடிவிடலாமா என்று நினைத்தாள். அவளுடைய கூடாரத்தில் துக்கிமின் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தூளியைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கூடாரமில்லாமல் எங்கே போவது.

காலையில் எழுந்து வந்தபோது மெக்தில்டாவைக் காணவில்லை. துக்கிமின் கொட்டகையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் பதிவேட்டைக் கொண்டுவந்து அவரிடம் கையெழுத்துக் கேட்டார். துக்கிமின் மிகவும் நிதானமாக, முதல் எழுத்தைச் சுழித்து, ஹர்சோனோ என்று போட்டார்.

அப்போதுதான் கோவில் மேட்டிலிருந்து மெக்தில்டா இறங்கி வந்தாள். ஊரில் அந்த மேட்டில் மட்டும்தான் சிக்னல் பிடிக்கும். அங்கிருந்து தலைவர் வீட்டுக் கொட்டகை வரை, போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தால், அறுந்து அறுந்து எடுக்கும். அப்படித்தான் அவள் பிடித்திருந்தாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

துக்கிமின் காப்பிக் கோப்பையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"சைக்கிள்ல ஒரு அட்டை கட்டியிருந்துச்சு," என்றாள் மெக்தில்டா எல்லாருக்குமாக. "அவசரத்துக்குக் கூப்பிடவும்னு போட்டு, தர்மினின்னு பேரும் நம்பரும் இருந்துச்சு. இதைவிட என்ன அவசரம் வரப்போகுது. கூப்பிட்டேன். 'அக்கா, கவலைப்படாதீங்க, உங்க வீட்டுக்காரர் எங்க ஊர்ல பத்திரமா இருக்கார், ரெண்டாவது சம்சாரத்தோட'ன்னு சொன்னேன்."

துக்கிமின் கீழே உட்கார்ந்தார்.

சுலாஸ்மி மெக்தில்டாவின் உயர்த்திய கைக்குக் கீழே போய் நின்றாள். அண்ணாந்து, போனைப் பார்த்து, ஊரே கேட்கும்படி சத்தமாகப் பேசினாள். வேறு எப்படிப் பேசினாலும் அது எடுக்காது.

"அம்மா, என் பேரு சுலாஸ்மி. உங்க வீட்டுக்காரரை நேத்து சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் ஒண்ணும் கிடையாது. எனக்குக் கல்யாணமே ஆகலை. வீட்டுக்காரர் பின்னால வர்றார்னு எல்லா ஊர்லயும் பொய் சொல்லிக்கிட்டு வந்தேன். இந்த ஊர்க்காரங்க நல்லவங்க, தேடிப் போய் ஒருத்தரைப் பிடிச்சிட்டு வந்துட்டாங்க. அது உங்க வீட்டுக்காரராப் போச்சு."

ரொபினுஸ் பதிவேட்டை மெதுவாக மூடினார்.

போன் சிறிது நேரம் கரகரத்தது. "அப்ப அவர் மகாசார்ல இல்லையா?" என்றது குரல்.

எல்லாரும் துக்கிமினைப் பார்த்தார்கள்.

"என்னங்க," என்றது குரல். இது வேறு மாதிரி 'என்னங்க'. துக்கிமின் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இருக்கேன்" என்றார்.

"கெடிரியில இருந்து சைக்கிள்லயா போனீங்க?"

"ஆமா."

"எத்தனை கிலோமீட்டர்?"

"ஆயிரத்து இருநூறுக்கு மேல இருக்கும்."

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா?" பிறகு, "மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன்."

"பொய்."

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறேன்."

மெக்தில்டாவுக்குக் கை வலித்தது. இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, குற்ற உணர்ச்சியோடு நடுவில் புகுந்தாள். "அக்கா, அவர் ராத்திரி டென்ட்லதான் படுத்தார். நான்தான் துரத்துனேன். இந்தப் பொண்ணு என்கூட ரூம்புல படுத்திருந்துச்சு. சத்தியமா. அவருக்கு ஒரு கோழியைக்கூட அறுக்கத் தெரியலை."

"அப்ப அது என் வீட்டுக்காரர்தான்," என்றாள் தர்மினி. "அங்கேயே பிடிச்சு வைங்க. நான் கிளம்பி வர்றேன். அந்தம்மாவும் இருக்கட்டும். மூஞ்சியைப் பார்க்கணும்."

கெடிரியிலிருந்து நுவாபேலா வர இரண்டு நாளாகும். அந்த இரண்டு நாளும் ரொபினுஸ் சுலாஸ்மியிடம் பேசவில்லை. அரசாங்கப் பதிவேட்டில், ஊர் முத்திரைக்குப் பக்கத்தில், இல்லாத மனிதன் ஒருவன் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வருடக் கடைசியில் அதிகாரி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அவர் வலையைப் பார்த்தபடி புலம்பிக்கொண்டிருந்தார். துக்கிமின் அவருக்கு உதவியாக உட்கார்ந்து ஓட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். எழுத்தர் அல்லவா, முடிச்சு நேராக விழுந்தது. கனீசியுஸ் போய் அவருடைய தூளியையும் மற்றொரு செருப்பையும் எடுத்து வந்தான். மீனை நண்டு தின்றுவிட்டதாம்.

மெக்தில்டா முதல் நாள் மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிலக்கடலை உரிக்க உட்கார்ந்தபோது, ஒரு முறத்தைச் சுலாஸ்மி பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உரித்தார்கள்.

"நேரா சொல்லியிருந்தா என்ன? தின்னுருவோமா?"

"கல்யாணம் ஆகலைன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்கல்ல அக்கா."

"நாங்க ஏன் கேக்கப்போறோம்?"

சுலாஸ்மி அடுத்த கடலையை எடுத்தாள்.

மெக்தில்டா நாலு கடலை உரிக்கும் நேரம் யோசித்தாள். அவள் நேர்மையான பெண். "கேட்டிருப்போம்," என்றாள். இன்னும் இரண்டு கடலை போயிற்று. "ஏன் ஆகலை?"

"பிடிச்ச மாதிரி ஆள் வரலைக்கா. அப்புறம் இப்படியே பழகிப்போச்சு. நல்லாத்தான் இருக்கேன்."

"சரிதான். அதுல என்ன இருக்கு," என்றாள் மெக்தில்டா. பிறகு முறத்தைப் புடைத்துக்கொண்டே, "மௌமேரேயில என் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான். மாதா கோவில் மணிக்கூண்டுக்கு வயரிங் பண்ணுனவன். உங்க மார்க்கம் இல்லை, அது ஒண்ணுதான்..."

"அக்கா."

"சும்மா சொன்னேன்."

மூன்றாம் நாள் பிற்பகல் கனீசியுஸின் மீன் வண்டியில், முன் சீட்டில், மடியில் கைப்பையோடு தர்மினி வந்து இறங்கினாள். குள்ளமாக, நேர்த்தியாக இருந்தாள். இரண்டு விமானம் மாறி, நாலு மணி நேரம் மீன் வாடையில் வந்தும் முக்காடு கலையவில்லை. ஊர் ஒதுங்கி வழிவிட்டது. துக்கிமின் எழுந்து நின்றார்.

அவள் அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"மெலிஞ்சிருக்கீங்க."

"ஆமா."

"தொப்பை பாதி போயிருச்சு."

"ஏத்தம் ஜாஸ்தி."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள், கோபம் குறையாமலேயே. "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா போக விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்," என்று ஒப்புக்கொண்டாள். "அதுக்காகப் பொய் சொல்லுவீங்களா? பயிற்சிக்குப் போறீங்கன்னு பன்னெண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தேனே, அதெல்லாம் எங்க?"

"சைக்கிள் கடைக்காரன் வீட்டு அலமாரியில."

அப்புறம் அவள் சுலாஸ்மி பக்கம் திரும்பினாள். உச்சி முதல் பாதம் வரை, வெயிலில் கறுத்த முழங்கையையும் சங்கிலி எண்ணெய் ஒட்டிய நகத்தையும் விடாமல் பார்த்தாள். சுலாஸ்மி எதற்கும் தயாராக நின்றாள்.

"உங்களை நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. ஒரே ஒரு கேள்வி. அந்த ஹர்சோனோவை நீங்களாத்தானே மனசுல உண்டாக்குனீங்க?"

"ஆமாம்மா."

"நினைக்கிறதுக்கு என்ன, செலவா, சீரா? யாரை வேணும்னாலும் நினைச்சிருக்கலாம். உயரமா, கறுப்பு மீசையோட, மலையெல்லாம் குதிரை மாதிரி ஏறுற ஆளா ஒருத்தரை நினைச்சிருக்கலாம். முழங்கால் வலியும் ரத்தக் கொதிப்பும் வச்சு, பின்னாலயே கிடக்குற ஆளைத்தான் உங்களுக்கு நினைக்கத் தோணுச்சா?"

முதலில் சிரித்தது மெக்தில்டா. வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். பிறகு கொட்டகையே சிரித்தது. இரண்டு நாளாக உம்மென்று இருந்த ரொபினுஸ் வலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். துக்கிமின் மட்டும், "இப்ப வலி பரவாயில்லை" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை சுலாஸ்மி கிளம்பினாள். தர்மினி கிளம்பவில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், கடலை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டாள். முன் அறையையும் கல்யாணப் போர்வையையும் மெக்தில்டா அவர்களுக்குத் திறந்துவிட்டாள். துக்கிமின் சுலாஸ்மியின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, முன் பிரேக்கை இறுக்கிக் கொடுத்தார். இன்னும் எத்தனை ஏற்றம் இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். தர்மினி பக்கத்தில் நின்றதால் சுலாஸ்மி குறைத்துச் சொன்னாள்.

லரந்துக்கா போய்ச் சேர அவளுக்கு இன்னும் ஒன்பது நாளாயிற்று. எல்லா ஊரிலும் கேட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை என்றே சொன்னாள். அதற்கு உண்டான பலனையும் அனுபவித்தாள். ஒரு ஊரில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவரைக் காட்டினார்கள். இன்னொரு ஊரில் மனைவியை இழந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர், அவளே வந்து பார்க்கட்டும் என்று தோப்பைச் சுற்றிக் காட்டினார். சுலாஸ்மி தோப்பைப் பார்த்து, இளநீர் குடித்து, நல்ல தோப்பு என்று சொல்லி, அதன் ஓரத்திலேயே கூடாரம் போட்டுத் தூங்கி எழுந்து போனாள். ஒவ்வொரு நாள் சாயந்தரமும் தர்மினி போன் செய்தாள். இன்று எங்கே படுக்கை, என்ன சாப்பாடு, பக்கத்தில் யார் வீடு என்று வரிசையாகக் கேட்டாள். சுலாஸ்மி வரிசையாகச் சொன்னாள்.

லரந்துக்கா துறைமுகத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, மீன் சூப் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள். விடுப்பில் இன்னும் பத்தொன்பது நாள் மீதி இருந்தது. எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அதோனாரா தீவு பச்சையாக நின்றது. படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சுலாஸ்மி கிண்ணத்தை வைத்துவிட்டு, "கொஞ்சம் நில்லு தம்பி" என்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.